அப்டேட்டுக்குப் பிறகு அச்சடிக்காத பிரிண்டர்: லினக்ஸில் அறிகுறி பார்த்துப் பழுது பிடிப்பது

நேற்று வரை ஒழுங்காக அச்சடித்த பிரிண்டர், அப்டேட் முடிந்த மறுநாள் காலை அசையவில்லை என்றால், பலருடைய கை நேராகப் போவது ‘பிரிண்டரை நீக்கு, மறுபடி சேர்’ என்பதற்குத்தான். அதை முதலில் செய்யாதீர்கள். எந்த முகவரியில், எந்த டிரைவரோடு அது வேலை செய்துகொண்டிருந்தது என்ற விவரம் அந்தப் பழைய க்யூவில்தான் (பிரிண்டருக்கான அச்சு வரிசையில்தான்) இருக்கிறது. நீக்கிவிட்டால் அந்தத் துப்பும் போய்விடும். புதிதாகச் சேர்ப்பதும் பெரும்பாலும் அதே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும்.

அப்டேட்டால் பிரிண்டர் கெடுவது அபூர்வம். கெடுவது இணைப்பு. க்யூ பழைய முகவரியையும் பழைய டிரைவர் பெயரையும் பிடித்துக்கொண்டிருக்கும். சுற்றியிருக்கும் மென்பொருள் நகர்ந்துபோயிருக்கும். லினக்ஸில் அச்சு வேலை நான்கு கை மாறுகிறது. நீங்கள் எழுதும் செயலி கோப்பை லினக்ஸின் அச்சுச் சேவையான கப்ஸிடம் கொடுக்கிறது. கப்ஸ் அதை க்யூவில் நிறுத்துகிறது. ஃபில்டர்கள் அதைப் பிரிண்டருக்குப் புரிகிற மொழிக்கு மாற்றுகின்றன. கடைசியில் பேக்எண்ட் என்னும் சிறு நிரல் யுஎஸ்பி வழியாகவோ நெட்வொர்க் வழியாகவோ கொண்டுபோய்ச் சேர்க்கிறது. எந்தக் கையில் நழுவியது என்பதைத் திரையில் தெரியும் செய்தியே பாதி சொல்லிவிடும்.

கட்டளைகள் இங்கே ஒலிக்கிறபடி தமிழில் இருக்கின்றன. டெர்மினல் என்னும் கட்டளைச் சாளரத்தில் ஆங்கிலச் சின்ன எழுத்தில், கோடும் புள்ளியும் அப்படியே வருமாறு தட்டவேண்டும். ‘சூடோ’ என்று தொடங்குபவை நிர்வாகி உரிமையோடு ஓடுபவை. உபுண்டு, மின்ட், டெபியன் ஆகியவற்றை வைத்துச் சொல்கிறோம். ஃபெடோராவும் ஆர்ச்சும் மாறுபடும் இடத்தில் குறிப்பு இருக்கும்.

எதையும் தொடுமுன்

முதலில் ரீபூட். பொத்தாம்பொதுவான அறிவுரை போலத் தோன்றும். இங்கே அதற்குக் காரணம் உண்டு. கர்னல் என்னும் இயங்குதள மையம் புதிதாக இறங்கியபின் ரீபூட் செய்யாமல் விட்டால், ஓடிக்கொண்டிருப்பது பழைய கர்னல், டிஸ்கில் இருப்பது புதிய கர்னலின் மாட்யூல்கள் (தேவைப்படும்போது அது ஏற்றிக்கொள்ளும் டிரைவர் துண்டுகள்) என்ற நிலை வரும். ஆர்ச்சில் பழைய மாட்யூல் ஃபோல்டர் அப்டேட்டோடு அழிந்தே போகும். அதன்பின் யுஎஸ்பி கேபிளைச் செருகினால், தேவையான மாட்யூலை ஏற்ற வழியில்லை. ‘யூநேம் -ஆர்’ காட்டும் எண்ணும் /லிப்/மாட்யூல்ஸ் ஃபோல்டரில் இருக்கும் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் ரீபூட் செய்யாமல் வேறு எதைச் செய்தும் பயனில்லை.

ரீபூட்டுக்குப் பிறகும் அப்படியே இருந்தால்:

1. ‘எல்பிஸ்டாட் -வி’ கொடுங்கள். ஒவ்வொரு க்யூவுக்கும் அதன் முகவரி வரும். யுஎஸ்பி, எச்பி, ஐபிபி, டிஎன்எஸ்எஸ்டி, சாக்கெட், இம்ப்ளிசிட்கிளாஸ், எஸ்எம்பி, சிசிபி, இவற்றில் எந்தச் சொல்லில் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கீழே பாதி முடிவுகள் இந்த ஒரு சொல்லை வைத்தே.
2. /எட்சி/கப்ஸ் ஃபோல்டரை அப்படியே வேறிடத்தில் நகல் எடுத்து வையுங்கள்.
3. /வார்/லாக்/ஆப்ட்/ஹிஸ்டரி.லாக் கோப்பின் கடைசிப் பகுதியைத் திறந்து, கப்ஸ், கப்ஸ்-ஃபில்டர்ஸ், எச்பிலிப், ஐபிபி-யுஎஸ்பி, அவாஹி, கோஸ்ட்ஸ்கிரிப்ட், சாம்பா ஆகியவற்றில் எது மாறியது என்று பாருங்கள். அடைப்புக்குறிக்குள் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். நீக்கப்பட்டவை ‘ரிமூவ்’ என்ற வரியில் தனியாக வரும். அந்த வரியைத் தவறவிடாதீர்கள். ஃபெடோராவில் இதற்கு ‘டிஎன்எஃப் ஹிஸ்டரி’, ஆர்ச்சில் /வார்/லாக்/பேக்மேன்.லாக்.
4. ‘சூடோ கப்ஸ்சிடிஎல் --டீபக்-லாகிங்’ கொடுத்து விரிவான பதிவை இயக்கிவிட்டு, பிரௌசரில் லோக்கல்ஹோஸ்ட்:631 பக்கம் திறந்து, பிரிண்டரின் மெயின்டனன்ஸ் பட்டியலிலிருந்து ஒரு டெஸ்ட் பேஜ் அனுப்புங்கள்.

பதிவு /வார்/லாக்/கப்ஸ்/எரர்_லாக் கோப்பில் விழும். ஃபெடோராவில் அந்தக் கோப்பைத் தேடாமல் ‘ஜர்னல்சிடிஎல் -யூ கப்ஸ்’ கொடுங்கள். வரிகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். உங்கள் ஜாப் எண் உள்ள வரிகளில் ‘ஸ்டாப்ட் வித் ஸ்டேட்டஸ்’ அல்லது ‘க்ராஷ்டு ஆன் சிக்னல்’ என்ற தொடரைத் தேடுங்கள். அந்த வரியிலேயே விழுந்த ஃபில்டரின் பெயர் இருக்கும். ஸ்டேட்டஸ் 0 என்றால் அந்தப் படி நன்றாக முடிந்தது. 127 என்றால் ஃபில்டர் கூப்பிட்ட நிரல் ஒன்று இல்லவே இல்லை. சிக்னல் 11 என்றால் நிரல் நினைவக மீறலில் செத்தது. பெரும்பாலும் பழைய பைனரி புதிய லைப்ரரியோடு மோதியிருக்கும்.

‘ஷெட்யூலர் ஓடவில்லை’ என்று வருகிறது, அல்லது பிரிண்டர் பட்டியலே காலி

கப்ஸ் சேவையே எழவில்லை. ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் கப்ஸ்’ கொடுத்துப் பாருங்கள். ‘மாஸ்க்டு’ என்றிருந்தால் யாரோ பாதுகாப்புக்காகப் பூட்டியிருக்கிறார்கள்; அன்மாஸ்க் செய்து இனேபிள் செய்தால் போதும். ஆர்ச்சில் ஒரு காலத்தில் இந்தச் சேவையின் பெயர் ஓஆர்ஜி.கப்ஸ்.கப்ஸ்டி என்றிருந்தது, பிறகு வெறும் கப்ஸ் ஆனது. பழைய பெயரில் இனேபிள் செய்து வைத்தவர்களுக்கு அப்டேட்டுக்குப் பின் சேவை தானாக எழாமல் போனது அதனால்தான்.

‘ஃபெயில்டு’ என்றிருந்தால் கான்ஃபிக் கோப்பில் கோளாறு. கப்ஸ்டி நிரலுக்கே சோதனை வசதி உண்டு: சூடோவுடன் கப்ஸ்டி கொடுத்து, இடைவெளி விட்டு, மைனஸும் டெஸ்ட் என்பதன் முதல் எழுத்தும் தட்டினால் எந்த வரியில் பிழை என்று சொல்லும். அப்டேட்டின்போது ‘உங்கள் கான்ஃபிக்கை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா’ என்று கேட்டதற்கு என்ன பதில் சொன்னோம் என்பது யாருக்கும் நினைவிருக்காது. /எட்சி/கப்ஸுக்குள் டிபிகேஜி-டிஸ்ட், ஆர்பிஎம்நியூ, பேக்நியூ என்று முடியும் கோப்பு கிடந்தால் அதையும் நடப்புக் கோப்பையும் ‘டிஃப்’ வைத்து ஒப்பிடுங்கள்.

க்யூ ‘நிறுத்தப்பட்டது’ என்று நிற்கிறது

‘எல்பிஸ்டாட் -பி’ கொடுத்தால் ‘டிஸேபிள்டு’ என்று வரும். கப்ஸின் இயல்பான பிழைக் கொள்கை ‘ஸ்டாப்-பிரிண்டர்’. பேக்எண்ட் ஒருமுறை தோற்றால் க்யூவையே நிறுத்திவிடும். அப்டேட் நடந்த நேரத்தில் யாராவது பிரிண்ட் கொடுத்திருந்தால் இதுவே போதும். ‘சூடோ கப்ஸ்இனேபிள்’, பின்னால் க்யூ பெயர். அவ்வளவுதான். மறுபடி உடனே நின்றால் காரணம் வேறு. திரும்பத் திரும்ப இனேபிள் செய்துகொண்டிருக்காமல் கீழே போங்கள்.

‘ஃபில்டர் ஃபெயில்டு’

அப்டேட்டுக்குப் பிந்தைய புகார்களில் மிகவும் குழப்புவது இது. செய்தி ஒன்று, காரணம் பிரிண்டர் கம்பெனிக்கு ஒன்று.

*எச்பி லேசர்ஜெட்.* எச்பிலிப் என்ற டிரைவர் தொகுப்பு திறந்த மூலம். ஆனால் 1018, 1020, பி1005, பி1007, பி1008 போன்ற சின்ன லேசர்களுக்கு அது மட்டும் போதாது; எச்பி தனியாகத் தரும் மூடிய பிளகின் ஒன்றும் வேண்டும். அந்தப் பிளகின் டிஸ்ட்ரோவின் (உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகையின்) பேக்கேஜில் இல்லை. நீங்கள் முன்பு ஒருமுறை கையால் இறக்கியது. பிளகின் பதிப்பும் எச்பிலிப் பதிப்பும் எண்ணுக்கு எண் ஒன்றாக இருக்கவேண்டும். உபுண்டு 22.04-ல் எச்பிலிப் 3.21.12, 24.04-ல் 3.23.12. மேம்படுத்தும்போது எச்பிலிப் தானாக ஏறும், பிளகின் பழைய இடத்திலேயே நிற்கும். ஜெராக்ஸ் கடையிலும் சின்ன ஆபீஸிலும் இந்த லேசர்கள் இன்னும் ஓடுகின்றன என்பதால் இதை முதலில் சோதிப்பது நல்லது.

/வார்/லிப்/எச்பி/எச்பிலிப்.ஸ்டேட் என்ற கோப்பைத் திறந்தால் பிளகின் பகுதியில் ‘வெர்ஷன்’ என்ற வரி இருக்கும். அதை நிறுவியிருக்கும் எச்பிலிப் பதிப்போடு ஒப்பிடுங்கள். வேறுபட்டால்:

1. இணையம் இணைந்திருக்கட்டும். ‘எச்பி-பிளகின் -ஐ’ கொடுங்கள். டெர்மினலிலேயே கேள்வி கேட்டு நடக்கும். வரைகலை சாளரம் வேண்டாம்.
2. டவுன்லோடுக்கான எழுத்தைத் தேர்ந்தெடுத்து, உரிம ஒப்பந்தத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.
3. பிரிண்டரை அணைத்து, பத்து நொடி விட்டு மறுபடி போடுங்கள். இதை விட்டுவிடுகிறவர்கள்தான் ‘பிளகின் போட்டும் வரவில்லை’ என்கிறார்கள். காரணம் அடுத்த அறிகுறியில்.

எச்பி-பிளகினோ எச்பி-செட்டப்போ ஓடும்போதே ‘மாட்யூல் நாட் ஃபவுண்ட்’ என்று விழுந்தால் பைதான் பிரச்சினை. 2023 அக்டோபரில் வெளியான பைதான் 3.12-ல் டிஸ்ட்யூட்டில்ஸ், இம்ப் என்ற இரண்டு பழைய மாட்யூல்களை எடுத்துவிட்டார்கள்; பழைய எச்பிலிப் அவற்றைக் கூப்பிடும். டிஸ்ட்ரோவின் களஞ்சியத்தில் இருக்கும் எச்பிலிப்பைப் போடுங்கள். எச்பி தளத்திலிருந்து முன்பு ரன் கோப்பாக இறக்கிப் போட்ட பழைய பதிப்பு அதோடு சேர்ந்து கிடந்தால் முதலில் அதை நீக்குங்கள்; இரண்டும் ஒரே கணினியில் இருந்தால் எந்தக் கோப்பு எதனுடையது என்றே தெரியாது.

*கேனான் எல்பிபி2900.* இதன் கேப்ட் டிரைவர் பழையது. 64 பிட் பேக்கேஜிலும் சில பகுதிகள் 32 பிட்டாகவே இருக்கின்றன. பெரிய அப்டேட்டில் ஐ386 லைப்ரரிகள் ‘இனித் தேவையில்லை’ என்று கழிக்கப்பட்டால் ஃபில்டர் எழும்பாது. ‘சூடோ டிபிகேஜி --ஆட்-ஆர்க்கிடெக்சர் ஐ386’ கொடுத்து, ஆப்ட் அப்டேட் செய்து, லிப்சி6, லிப்பாப்ட்0 ஆகிய இரண்டையும் பெயருக்குப் பின் முக்காற்புள்ளியும் ஐ386-உம் சேர்த்து நிறுவுங்கள். சகோதர நோய் பிரதர் பிரிண்டர்களிலும் உண்டு: அவற்றின் பல டிரைவர்கள் முழுக்க 32 பிட், அங்கே ஐ386 வகை லிப்எஸ்டிடிசி++6-உம் கேட்கும்.

எல்பிபி2900-க்கு இன்னொரு சிக்கல். அதன் க்யூ யுஎஸ்பிக்கு நேராகப் போகாது. சிசிபி என்று தொடங்கி 59687 போர்ட்டில் காத்திருக்கும் சிசிபிடி என்ற இடைத்தரகருக்குப் போகும். இந்த இடைத்தரகர் கப்ஸுக்குப் பிறகு எழவேண்டும். அப்டேட்டுக்குப் பின் வரிசை மாறி முந்திக்கொண்டு எழுந்தால் பிரிண்ட் கொடுத்தது எங்கேயோ போய் நிற்கும். கப்ஸ் எழுந்தபின் சிசிபிடியைக் கையால் ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்; அச்சு வந்தால், பூட் வரிசையில் அதைப் பின்னுக்குத் தள்ளுவதுதான் நிரந்தரத் தீர்வு. அது எதிர்பார்க்கும் /டெவ்/யுஎஸ்பி/எல்பி0 கோப்பு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இல்லையென்றால் ‘சூடோ மாட்ப்ரோப் யுஎஸ்பிஎல்பி’. அப்டேட்டுக்குப் பின் டெஸ்க்டாப் தானாகவே அதே பிரிண்டருக்கு யுஎஸ்பி க்யூ ஒன்றையும் உருவாக்கி வைத்திருந்தால் அதை நீக்குங்கள். கப்ஸின் யுஎஸ்பி பேக்எண்ட் வேலை செய்யும்போது அந்தக் கர்னல் டிரைவரைக் கழற்றிவிடும், இரண்டு க்யூவும் ஒரே கேபிளுக்கு இழுபறி நடத்தும்.

*எப்சன்.* இங்கே விழும் பிழைச் செய்தி நம்பவே முடியாதது. லாக் ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்கிறது. போய்ப் பார்த்தால் ஃபில்டர் கோப்பு அங்கேயே இருக்கிறது, அனுமதியும் சரி. ‘ஃபைல்’ கட்டளையைக் கொடுத்து அந்த ஃபில்டரை விசாரியுங்கள். ‘இன்டர்ப்ரிட்டர்’ என்ற சொல்லுக்குப் பின் /லிப்64/எல்டி-எல்எஸ்பி-எக்ஸ்86-64.எஸ்ஓ.3 என்று வந்தால் விஷயம் புரிந்துவிடும். காணாமல் போனது ஃபில்டர் அன்று; அதை ஓடவைக்கும் லோடர். எப்சன் தளத்தின் சில பேக்கேஜ்கள் எல்எஸ்பி என்ற பழைய தரத்தை நம்பிக் கட்டப்பட்டவை. டெபியன் 2015-லேயே அதைக் கைவிடத் தொடங்கியது. எல்எஸ்பி பேக்கேஜ் போனதும் லோடரும் போனது. சில கணினிகளில் அந்தச் சார்பு இல்லாததால் எப்சன் பேக்கேஜே சேர்ந்து நீங்கியிருக்கும். ஹிஸ்டரி லாக்கின் ‘ரிமூவ்’ வரி காட்டிக்கொடுக்கும்.

நல்ல வழி, களஞ்சியத்தில் இருக்கும் பிரிண்டர்-டிரைவர்-எஸ்கேபிஆர் பேக்கேஜைப் போட்டு உங்கள் மாடல் அதில் இருக்கிறதா என்று ‘எல்பிஇன்ஃபோ -எம்’ பட்டியலில் தேடுவது. இல்லையென்றால், உண்மையான லோடரான /லிப்64/எல்டி-லினக்ஸ்-எக்ஸ்86-64.எஸ்ஓ.2-க்கு மேற்சொன்ன பழைய பெயரில் ஒரு சிம்பாலிக் லிங்க் போடுங்கள். ஒட்டுவேலைதான், ஆனால் வேலை செய்யும்.

*மூவருக்கும் பொதுவானது.* கையால் நகல் எடுத்து வைத்த ஃபில்டர் கோப்பை எல்லாரும் எழுதலாம் என்று அனுமதி இருந்தால் கப்ஸ் ஓட்ட மறுக்கும். லாக்கில் ‘இன்செக்யூர் பர்மிஷன்ஸ்’ என்று வரும். உரிமையாளர் ரூட், அனுமதி 755. இன்னும் விழுந்தால் ‘ஜர்னல்சிடிஎல் -கே’ பதிவில், நிரல்கள் எதைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்பு அமைப்பின் ‘டினைடு’ வரியைத் தேடுங்கள். உற்பத்தியாளரின் டிரைவர் /ஆப்ட் ஃபோல்டருக்குள் இருந்து, கப்ஸின் ஆப்ஆர்மர் விதி அதை அனுமதிக்காவிட்டால் அங்கே தெரியும். சோதனைக்காக மட்டும் ‘சூடோ ஏஏ-கம்ப்ளெயின் கப்ஸ்டி’ கொடுத்து உறுதிசெய்யுங்கள். ஃபெடோராவில் இதே பாத்திரத்தில் எஸ்இலினக்ஸ். ‘சூடோ ரீஸ்டோர்கான் -ஆர்வி’ கொடுத்து அந்த ஃபோல்டரின் லேபிள்களைச் சரிசெய்யவேண்டும். அங்கே ஆர் பெரிய எழுத்து.

‘முடிந்தது’ என்கிறது, காகிதம் வரவில்லை

க்யூவில் ஜாப் கம்ப்ளீட்டட், பிரிண்டரில் அசைவில்லை. எச்பி 1020 குடும்பத்தின் தனி அடையாளம் இது. இந்தப் பிரிண்டர்களுக்குள் ஃபர்ம்வேர் நிரந்தரமாக இருப்பதில்லை. ஒவ்வொரு முறை மின்சாரம் வந்ததும் கணினிதான் யுஎஸ்பி வழியாக அதை ஏற்றிவிடவேண்டும். ஏற்றாவிட்டால் பிரிண்டர் வந்த தரவையெல்லாம் விழுங்கிவிட்டுச் சும்மா இருக்கும். அந்த ஃபர்ம்வேரும் பிளகினோடுதான் வருகிறது. பிளகின் பொருந்தாமல் போனால் அதை ஏற்றும் ஆளும் இல்லை.

சோதிப்பது எளிது. ‘சூடோ எல்பிஇன்ஃபோ -எல் -வி’ கொடுத்தால் பிரிண்டர் தன்னைப் பற்றிச் சொல்லும் டிவைஸ்-ஐடி வரி வரும். கடைசியில் எஃப்டபிள்யூவெர் என்ற சொல்லும் தேதி போன்ற எண்ணும் இருந்தால் ஃபர்ம்வேர் ஏறியிருக்கிறது. மாடல் பெயரோடு வரி முடிந்துவிட்டால் ஏறவில்லை. ‘எச்பி-ஃபர்ம்வேர் -என்’ கொடுத்து ஏற்றிப் பாருங்கள். இப்படி ஏற்றினால் அச்சு வருகிறது, அணைத்துப் போட்டால் மறுபடி போகிறது என்றால், சாதனம் இணைந்ததும் உரிய வேலையைத் தொடங்கிவைக்கும் யுடெவ் என்ற அமைப்பின் விதி வேலை செய்யவில்லை. ஃபூ2இசட்ஜேஎஸ் என்ற மாற்று டிரைவரும் எச்பிலிப்பும் இரண்டுமே நிறுவப்பட்டிருந்தால் ஃபர்ம்வேர் ஏற்றும் வேலையில் இரண்டும் மோதும். ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றை நீக்குங்கள்.

‘பிரிண்டர் கிடைக்கும் வரை காத்திருக்கிறது’, அதுவும் யுஎஸ்பியில்

கேபிள் செருகியிருக்கிறது, எல்எஸ்யுஎஸ்பி பட்டியலில் பிரிண்டர் பெயர் தெரிகிறது, க்யூ மட்டும் காத்துக்கொண்டே இருக்கிறது. ‘எல்பிஸ்டாட் -வி’ யுஎஸ்பி என்று தொடங்கும் முகவரியைக் காட்டினால் சந்தேகம் ஐபிபி-யுஎஸ்பி மீது.

இது புதிய பிரிண்டர்களுக்கான சேவை. கேபிளில் இணைந்த பிரிண்டரை நெட்வொர்க் பிரிண்டர் போல மாற்றி, லோக்கல்ஹோஸ்ட்டில் 60000-இல் தொடங்கும் போர்ட்டில் காட்டும். டிரைவர் இல்லாமலே அச்சடிக்க வைக்கும். 2021-இல் வந்த டெபியன் 11 முதல் கப்ஸோடு பரிந்துரையாகவே கூட வருகிறது. சிக்கல் என்னவென்றால், பிரிண்டரின் யுஎஸ்பி இன்டர்ஃபேஸை அது முழுதாகப் பிடித்துக்கொள்ளும். உங்கள் பழைய க்யூ அதே கதவைத் தட்டிக்கொண்டு வெளியே நிற்கும். மல்டிஃபங்ஷன் பிரிண்டரில் ஸ்கேனரும் அதே நேரத்தில் செத்துப்போயிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

‘சூடோ ஐபிபி-யுஎஸ்பி செக்’ கொடுங்கள். உங்கள் பிரிண்டர் பட்டியலில் வந்தால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டும்.

புதிய வழிக்கு மாறுவதாக இருந்தால், செட்டிங்ஸில் பிரிண்டர் சேர்க்கும்போது பெயரோடு யுஎஸ்பி என்று குறித்துத் தெரியும் பதிவைத் தேர்ந்தெடுங்கள். டிரைவர் கேட்காது. அது ஓடியபின் பழைய க்யூவை நீக்கலாம். ஸ்கேனருக்கு சேன்-ஏர்ஸ்கேன் பேக்கேஜ் போதும்.

பழைய டிரைவர்தான் வேண்டும் என்றால், உதாரணமாக இங்க் அளவு காட்டும் கருவியோ சிறப்புக் காகித அமைப்போ அதில்தான் இருக்கிறது என்றால், ‘சூடோ சிஸ்டம்சிடிஎல் டிஸேபிள் --நவ் ஐபிபி-யுஎஸ்பி’ கொடுத்து கேபிளை ஒருமுறை கழற்றிச் செருகுங்கள். யுடெவ் மறுபடி எழுப்பினால் மாஸ்க் செய்யவேண்டும். ஒரே கணினியில் இரண்டு பிரிண்டர் இருந்து ஒன்றுக்கு மட்டும் விலக்கு வேண்டுமானால், /எட்சி/ஐபிபி-யுஎஸ்பி/குவிர்க்ஸ் ஃபோல்டரில் கான்ஃப் என்று முடியும் கோப்பு ஒன்றில் மாடல் பெயரைச் சதுர அடைப்புக்குள் எழுதி, அடுத்த வரியில் ‘பிளாக்லிஸ்ட் = ட்ரூ’ போடுங்கள்.

எங்கள் கருத்தில் முதல் வழியே நல்லது. அடுத்த அப்டேட்டில் மறுபடி இதே சண்டை வராது. எச்பி 1020 போன்ற பழையவற்றுக்கு இந்தக் கேள்வியே எழாது, அவற்றுக்கு ஐபிபி என்ற நெட்வொர்க் அச்சு மொழி தெரியாது.

நெட்வொர்க் பிரிண்டர் பட்டியலிலிருந்தே மறைந்துவிட்டது

முகவரி இம்ப்ளிசிட்கிளாஸ் என்று தொடங்கினால் அந்த க்யூவை நீங்கள் உருவாக்கவில்லை. கப்ஸ்-பிரௌஸ்டு என்ற சேவை உருவாக்கியது. 2024 செப்டம்பர் 26-இல் இத்தாலிய ஆய்வாளர் சிமோனே மார்கரிட்டெல்லி, இந்தச் சேவை யுடிபி 631 போர்ட்டில் யாரிடமிருந்து வரும் பாக்கெட்டையும் நம்பிவிடுகிறது என்று வெளியிட்டார். மற்ற ஓட்டைகளோடு கோத்தால் தொலைவிலிருந்தே கணினியில் கட்டளை ஓட்டமுடியும். அதன்பின் வந்த பாதுகாப்பு அப்டேட்கள் பழைய கப்ஸ் அறிவிப்பு முறையை நிறுத்தின. பல நிர்வாகிகள் சேவையையே அணைத்தார்கள். அதோடு அதை நம்பியிருந்த க்யூக்களும் போயின.

பழையபடி திறந்துவிடுவது தீர்வு அன்று. பிரிண்டரை நிரந்தர க்யூவாகச் சேர்த்துவிட்டால் இந்தச் சேவை தேவையே இல்லை. வீட்டிலும் சின்ன ஆபீஸிலும் கப்ஸ்-பிரௌஸ்டு இல்லாமலே இருக்கலாம். பிரிண்டரின் ஐபி முகவரியை அதன் திரையிலோ ரௌட்டரின் பட்டியலிலோ எடுத்துக்கொண்டு, முதலில் பிங் செய்யுங்கள். பிறகு ‘என்சி -இசட் -வி’, அதன்பின் முகவரி, அதன்பின் 631. போர்ட் திறந்திருந்தால்:

சூடோ எல்பிஅட்மின் -பி ஆபீஸ் -ஈ -வி ஐபிபி://192.168.1.50/ஐபிபி/பிரிண்ட் -எம் எவ்ரிவேர்

ஈ மட்டும் பெரிய எழுத்து, ஆபீஸ் என்பது நீங்கள் வைக்கும் பெயர், முகவரி உங்களுடையது. ரௌட்டரில் அந்தப் பிரிண்டருக்கு நிலையான முகவரி ஒதுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் மின்வெட்டு முடிந்து ரௌட்டர் எழும்போது எண் மாறிவிடும். பழி அப்டேட் மேல் விழும். 631 மூடியிருந்து 9100 திறந்திருந்தால் அது ஐபிபி தெரியாத பழைய பிரிண்டர். சாக்கெட் முகவரியும் உரிய டிரைவரும் கொடுத்துச் சேர்க்கவேண்டும்.

முகவரி டிஎன்எஸ்எஸ்டி என்று தொடங்கினாலோ, பெயர் .லோக்கல் என்று முடிந்தாலோ, உள்ளூர் நெட்வொர்க்கில் பெயர்களைக் கண்டுபிடித்துத் தரும் அவாஹி என்ற சேவையைப் பாருங்கள். ‘ஐபிபிஃபைண்ட்’ கட்டளை எதையும் காட்டவில்லை என்றால் அவாஹி-டீமன் ஓடவில்லை அல்லது ஃபயர்வால் யுடிபி 5353-ஐ மறிக்கிறது. ஐபிபிஃபைண்ட் பெயரைக் காட்டுகிறது, பிங் மட்டும் ‘பெயர் தெரியாது’ என்றால் /எட்சி/என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப் கோப்பில் ‘ஹோஸ்ட்ஸ்’ வரியில் எம்டிஎன்எஸ்4_மினிமல் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். அப்டேட் அந்தக் கோப்பைப் புதிதாக எழுதியிருந்தால் அது விடுபட்டிருக்கும். டிஎன்எஸ் என்ற சொல்லுக்கு முன்னால் வரவேண்டும். பின்னால் போட்டால் பயனில்லை.

விண்டோஸ் கணினி பகிரும் பிரிண்டர் மட்டும் வரவில்லை

எஸ்எம்பி முகவரி, மறுமுனையில் பழைய விண்டோஸ் எக்ஸ்பி. விண்டோஸ் பகிர்வுகளோடு லினக்ஸைப் பேசவைக்கும் சாம்பா, 2019-இல் வந்த 4.11 பதிப்போடு எஸ்எம்பி1 நெறிமுறையை இயல்பாக அணைத்துவிட்டது. எஸ்எம்பி.கான்ஃப் கோப்பின் குளோபல் பகுதியில் ‘கிளையன்ட் மின் புரோட்டோகால் = என்டி1’ என்று எழுதினால் வரும்; ஆனால் பாதுகாப்பில்லாத நெறிமுறையைத் திறந்துவிடுகிறீர்கள். பிரிண்டருக்கே நெட்வொர்க் போர்ட் இருந்தால் எக்ஸ்பியை நடுவிலிருந்து விலக்கி நேராக இணைப்பது மேல்.

அச்சு வருகிறது, ஆனால் கோணலாக

பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்தும் குறியும், முதல் வரியில் சதவீதக் குறியும் ஆச்சரியக்குறியும் பிஎஸ் என்ற எழுத்துகளும்: போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற அச்சு மொழி தெரியாத பிரிண்டருக்கு அதை அப்படியே அனுப்புகிறது க்யூ. டிரைவர் தேர்வு தவறியிருக்கிறது. உடனே பிரிண்டரை அணைத்து, ஜாப்பை ரத்து செய்தபின் போடுங்கள். இல்லாவிட்டால் காகிதக் கட்டு தீரும் வரை ஓடும்.

காகிதம் இருந்தும் ‘பேப்பர் வை’ என்று விளக்கு மின்னுகிறது, அல்லது கீழ்ப் பகுதி வெட்டுப்படுகிறது: புது க்யூ லெட்டர் அளவுக்குப் போய்விட்டது. லெட்டர் 216 × 279 மி.மீ., ஏ4 210 × 297. ‘எல்பிஆப்ஷன்ஸ் -பி’ க்யூ பெயர் ‘-ஓ மீடியா=ஏ4’ கொடுங்கள்; /எட்சி/பேப்பர்சைஸ் கோப்பிலும் ஏ4 என்று இருக்கட்டும்.

போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரிண்டரில் சில பிடிஎஃப் மட்டும் வெற்றுத் தாளாக வந்தால், மாற்றித்தரும் நிரலை மாற்றிப் பாருங்கள்: எல்பிஅட்மினில் ‘-ஓ பிடிஎஃப்டாப்ஸ்-ரெண்டரர்-டிஃபால்ட்=பிடிஎஃப்டாப்ஸ்’. கோஸ்ட்ஸ்கிரிப்ட் அப்டேட்டால் வந்த கோளாறு என்றால் இதிலேயே தெரிந்துவிடும்.

எதுவும் பலிக்கவில்லை, நாளை காலைக்குள் அச்சு வேண்டும்

குற்றவாளிப் பேக்கேஜ் எது என்று ஹிஸ்டரி லாக்கில் தெரிந்தால் அதை மட்டும் பின்னுக்கு இழுக்கலாம். ‘ஆப்ட்-கேஷ் பாலிசி’ கொடுத்துப் பழைய பதிப்பு களஞ்சியத்தில் இருக்கிறதா என்று பார்த்து, ‘ஆப்ட் இன்ஸ்டால்’ கட்டளையில் பேக்கேஜ் பெயருக்குப் பின் சமக்குறியும் பதிப்பு எண்ணும் கொடுங்கள். பிறகு ‘ஆப்ட்-மார்க் ஹோல்ட்’. ஃபெடோராவில் ‘டிஎன்எஃப் டவுன்கிரேட்’. ஆர்ச்சில் /வார்/கேஷ்/பேக்மேன்/பிகேஜி ஃபோல்டரில் பழைய கோப்பு இருந்தால் ‘பேக்மேன் -யூ’. யூ பெரிய எழுத்து. கப்ஸ்-பிரௌஸ்டை மட்டும் 2024-க்கு முந்தைய பதிப்புக்கு இழுக்காதீர்கள். 22.04-இலிருந்து 24.04 போன்ற முழு மேம்பாட்டுக்குப் பின் இந்த வித்தை செல்லாது. கப்ஸும் சிஸ்டம் லைப்ரரிகளும் சேர்ந்து நகர்ந்திருக்கும்.

‘பிரிண்டர் டிரைவர்கள் வழக்கொழிந்தவை, வரும் பதிப்பில் வேலை செய்யாது’ என்று எல்பிஅட்மின் மிரட்டுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இன்றைய பழுதுக்கு அது காரணம் இல்லை. கப்ஸ் 3, பிபிடி என்ற பிரிண்டர் விவரக் கோப்பை நம்பிய டிரைவர்களைக் கைவிடும் என்பதற்கான முன்னறிவிப்பு அது. பழைய பிரிண்டர்களுக்காக ஓபன்பிரிண்டிங் குழு ‘பிரிண்டர் அப்ளிகேஷன்’ என்ற மாற்றைத் தருகிறது. எச்பிலிப், குட்டன்பிரிண்ட் இரண்டுக்கும் ஸ்னாப் ஸ்டோரில் ஏற்கெனவே உண்டு.

அச்சு வந்ததும் ‘சூடோ கப்ஸ்சிடிஎல் --நோ-டீபக்-லாகிங்’ கொடுத்து விரிவான பதிவை நிறுத்துங்கள். சோதனைக்காக ஆப்ஆர்மரைத் தளர்த்தியிருந்தால் ‘சூடோ ஏஏ-என்ஃபோர்ஸ் கப்ஸ்டி’. ஹோல்ட் போட்ட பேக்கேஜின் பெயரைப் பிரிண்டர் மேலேயே ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவையுங்கள். திருத்திய பதிப்பு வந்ததும் ‘ஆப்ட்-மார்க் அன்ஹோல்ட்’ செய்யவேண்டும்.